அம்பர் சென்ற்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அலுமாரியின் கீழ்த்தட்டில் ஒரு சப்பாத்துப் பெட்டி இருக்கிறது. அதற்குள் குட்டியும் பெரிதுமாகப் பதினான்கு சென்ற் போத்தல்கள். ஒன்பது அம்பர் வகை. கொக்குவிலில் ஒரு வீட்டுக்கு இது கொஞ்சம் கூடத்தான். பெட்டியைக் கண்டவர்கள் கேட்கிறார்கள், பக்கத்தில் இருந்து மணந்தவர்கள் இன்னும் கூடக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைக்கிறேன். நான் சென்ற் செய்பவளும் இல்லை, விற்பவளும் இல்லை. பூசிப் பார்த்தவள், அவ்வளவுதான்.

அம்பர் என்றால் என்ன? மோதிரத்தில் வைக்கும் மஞ்சள் கல்லா, திமிங்கில வாந்தியா?

இரண்டும் இல்லை. மூன்று பொருட்களுக்கு ஏறக்குறைய ஒரே பெயர் விழுந்ததால் வந்த வினை இது.

மஞ்சள் கல் என்பது கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்து இறுகிப்போன மரப்பிசின். மாலையாகக் கோக்கலாம், மோதிரத்தில் பதிக்கலாம். சும்மா வைத்து மணந்தால் ஒன்றும் வராது. பத்திரிகைகள் வாந்தி என்று எழுதுவது அம்பர்கிரிஸ். ஸ்பேர்ம் திமிங்கிலம் கணவாயை விழுங்கும். கணவாயின் அலகு மட்டும் செமிக்காது. அதைச் சுற்றிக் குடலுக்குள் உருவாகும் மெழுகுக்கட்டிதான் அது. குடலில் உருவாகும் பொருளை வாந்தி என்று சொல்வதே பிழை, ஆனால் தலைப்புக்கு அந்தச் சொல்தான் எடுபடுகிறது போல.

சென்ற் போத்தலில் அம்பர் என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் ஒரு கலவையின் பெயர். லப்டானம், சாம்பிராணி, வனிலா மூன்றும் சேர்ந்தால் வரும் இளஞ்சூடான இனிப்பு மணம். நாங்கள் சரக்குத்தூள் என்று சொன்னால் அது ஒரு செடியின் காய் இல்லையே, அப்படி.

லப்டானம் மத்தியதரைக் கடற்கரைப் பற்றைகளில் வளரும் சிஸ்டஸ் செடியின் பிசின். வெயில் ஏற ஏற இலையில் பசை கசியும். கிரீட் தீவில் மேய்கிற ஆடுகளின் தாடியில் ஒட்டிய பிசினைச் சீவி எடுத்தார்கள் என்பது பழைய காலத்துச் செய்தி. பிறகு தோல் வார்கள் கட்டிய ஒரு வாரியால் செடியை அடித்து எடுத்தார்கள். வனிலாவின் மணத்தைத் தரும் வனிலினை 1874இல் ஜெர்மனியில் இரசாயன முறையில் செய்து காட்டினார்கள். அது மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகுதான் இந்தக் கலவை சென்ற் உலகில் நிலைத்தது.

சரி, அது எப்படித்தான் மணக்கும்?

இதற்கு எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. பிள்ளையை முழுகவார்த்து, துவட்டி, சாம்பிராணி காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சிரட்டைக் கரி கனன்று வெள்ளைச் சாம்பல் பூத்திருக்கும். அம்மம்மா நுள்ளித் தூவும் சாம்பிராணி முதலில் பொரியும், பிறகு உருகி ஒரு குமிழி விடும், அதற்குப் பிறகுதான் புகை. அந்தப் புகைக்கு மேலே பிள்ளையைக் குப்புறப் பிடித்துத் தலைமயிரைக் கோதிவிடுவா. புகை அடங்கிய பிறகு, அரை மணித்தியாலம் கழித்து, பிள்ளையின் உச்சியில் மூக்கை வைத்தால் வருகிற மணம் இருக்கிறதே, பால், வியர்வை, பிசின், ஒரு சொட்டு இனிப்பு, அதுதான் அம்பர். புகை இல்லை, புகை போன பிறகு மிஞ்சுவது.

நான் முதன்முதல் ஒரு நல்ல அம்பர் பூசிக்கொண்டு அம்மம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். அப்போது அவவுக்குக் கண் சரியாகத் தெரியாது. மூக்கைச் சுருக்கி இரண்டு தரம் இழுத்துவிட்டுக் கேட்டா: "ஆருக்குப் பிள்ளை பிறந்தது?"

அதனால் இதைப் பிறத்தியாரின் மணம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். பிரான்சில் போத்தலில் அடைத்து விற்கிறார்கள், உண்மை. ஆனால் எங்களுக்கு அது நாற்பது நாள் வயதிலேயே பழக்கம். சாம்பிராணியும் சுமாத்திரா பக்கத்தில் இருந்து கப்பலில் வந்த சரக்குத்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பெட்டியில் 'ஓரியன்ரல்' என்று இருக்கிறது, அதுவும் இதுவும் ஒன்றா?

ஏறக்குறைய ஒன்றுதான். சென்ற் வகைப்பாட்டில் பெயர்பெற்ற மைக்கல் எட்வேட்ஸ் 2021இல் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'அம்பர்' என்று மாற்றினார். கிழக்கத்தியது என்ற பொருள் வருகிற சொல், யாருக்குக் கிழக்கு என்ற கேள்வி எழத்தானே செய்யும். பழைய பெட்டிகளிலும் பழைய எழுத்துகளிலும் இன்னும் பழைய பெயர்தான் கிடக்கும்.

விரத நாளில் பூசலாமா? இது மச்சமா, சைவமா?

இதைக் கேட்டது என் மாமி. கந்தசஷ்டி தொடங்குகிற அன்று காலையில், கையில் போத்தலோடு.

லப்டானம், சாம்பிராணி, வனிலா மூன்றும் செடியும் மரமும் தருவது. திமிங்கில அம்பர் மணம் வேண்டிய இடத்தில் இன்றைக்குப் பெரும்பாலும் போடுவது அம்புறொக்சான். கிளாரி சேஜ் என்ற செடியில் கிடைக்கும் ஸ்கிளாரியோல் என்ற பொருளில் இருந்து அதைச் செய்யலாம். கஸ்தூரியும் புனுகும் அநேகமாகச் செயற்கையாகவே வருகின்றன. ஆகவே உங்கள் கையில் இருக்கும் போத்தல் சைவமாக இருக்கவே வாய்ப்புக் கூட. ஸ்பிரிற்று இருக்கிறது என்பதால் வேண்டாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், அது அவரவர் மனம்.

மாமிக்கு நான் இன்னொன்றையும் சொன்னேன். கோயில்களில் சுவாமிக்குச் சாத்துகிற புனுகு பூனையிடம் இருந்து வந்தது. மாமி பதில் சொல்லவில்லை. விரதம் முடியும் வரை போத்தலையும் தொடவில்லை.

யாழ்ப்பாணத்து வெக்கைக்கு இது சரிவருமா?

சரிவரும், ஆனால் நேரமும் அளவும் பார்க்க வேண்டும். நான் இதைப் படித்தது மானம் போய்.

சில வருடங்களுக்கு முன், இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போனேன். ஏசி பஸ், யன்னல் திறக்காது. வெளிக்கிடும் அவசரத்தில் கழுத்துக்கு இரண்டு, கைக்கு இரண்டு, சால்வைக்கு ஒன்று என்று அடித்துவிட்டேன். ஆனையிறவு தாண்டும்போது பக்கத்து அக்கா சேலைத் தலைப்பை மூக்கில் வைத்தா. கிளிநொச்சியில் பின்சீற்றில் ஒரு குழந்தை அழத் தொடங்கியது. முறிகண்டியில் பஸ் நின்றதும் நடத்துனர்த் தம்பி என்னிடம் வந்து, மெல்லிய குரலில், "அக்கா, குறை நினையாதேங்கோ. பின்னால ஒரு அம்மாவுக்குச் சத்தி வருதாம்" என்றார். பிள்ளையாரைக் கும்பிடக்கூட இல்லை, நேரே தண்ணிப் பைப்புக்குப் போய்க் கையையும் கழுத்தையும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். அம்பர் போகவில்லை. அது தண்ணிக்குப் போகிற சாமான் இல்லை, எண்ணெயும் பிசினும். (பிறகு அறிந்தது: தேங்காயெண்ணெய் தடவி, துணியால் துடைத்து, அதற்கு மேல் சவர்க்காரம் போட வேண்டும்.) சால்வையைப் பையின் அடியில் திணித்தேன். கச்சான் இரண்டு பை வாங்கி, சூடு ஆறமுன்னம் உடைத்து உடைத்துச் சாப்பிட்டேன், அந்த வறுத்த மணமாவது என்னை மூடட்டும் என்று. பின்னால் இருந்த அம்மாவுக்கும் ஒரு பை கொடுத்தேன். வாங்கினா, சிரிக்கவில்லை.

ஏன் அப்படி நடந்தது என்றால், தேசிக்காய் மணம் போன்றவை சட்டென்று பறந்துவிடும், பிசின்களும் வனிலாவும் பாரமானவை, மெதுவாகத்தான் எழும்பும். குளிர்நாட்டில், தடித்த உடுப்புக்குள், அவை சொட்டுச் சொட்டாக வெளியே வரும். இங்கே சூடான தோலில் எல்லாம் ஒன்றாக எழும்பி நிற்கும். மூடிய இடமென்றால் போக வழியும் இல்லை. லண்டனில் இருக்கிற மச்சாள் நான்கு தரம் அடிப்பதைப் பார்த்து நானும் நான்கு தரம் அடித்தது என் பிழை.

என் கணக்கு இது. பங்குனி, சித்திரை, வைகாசியில் பகலில் தொடுவதே இல்லை. சோளகம் அடிக்கிற மாதங்களில் பின்னேரம் பூசலாம். காற்று அளவாக எடுத்துக்கொண்டு போய்விடும். மழைக்காலத்தில் நன்றாக இருக்கும். எல்லாவற்றிலும் திறம் மார்கழி விடியற்புறம். திருவெம்பாவைக்குச் சங்கும் சேமக்கலமும் தெருவில் கேட்கிற நேரம், பனி இறங்கியிருக்கும், தலையில் துவாய் போட்டுக்கொண்டு படலையடியில் நிற்பீர்கள். அந்தக் குளிருக்கு மணிக்கட்டில் ஒரு துளி அம்பர் போதும். அந்த ஒரு மாதத்துக்காகத்தான் நான் இவ்வளவு போத்தலும் வைத்திருக்கிறேன் என்று வீட்டில் சொல்வார்கள்.

எத்தனை தரம் அடிப்பது? எங்கே?

ஒன்று. கூடினால் இரண்டு. கழுத்தில் வேண்டாம், நீங்களே மூச்சுமுட்டிப் போவீர்கள். முழங்கையின் உட்பக்கம் அல்லது வயிற்றில், உடுப்புக்குக் கீழே. வெள்ளைச் சேட்டிலும் பட்டிலும் நேரே அடிக்காதீர்கள். மண்ணிறக் கறை விழும். ஒரு தடவை அமத்தினால் ஏறக்குறைய 0.1 மில்லிலீற்றர் வரும். ஆக 5 மில்லிலீற்றர் குட்டிப் போத்தலில் ஐம்பது தரம். எங்கள் காலநிலைக்கு அது ஒரு வருடத்துக்குக் காணும்.

நீங்கள் பூசிப் பார்த்தவற்றில் எது எப்படி?

என் மூக்குக்குப் பட்டதைச் சொல்கிறேன். உங்கள் தோலில் வேறுமாதிரி இருக்கலாம்.

கேர்லானின் ஷலிமார், 1925. முதல் பத்து நிமிடம் தோடம்பழத் தோலைக் கிள்ளினால் கண்ணில் அடிக்குமே, அந்தப் புளிப்பு. பிறகு பவுடர், பிறகு வனிலா. ஆனால் அந்த வனிலா கேக் வனிலா இல்லை, அதற்குள் புகையும் தோலும் இருக்கிறது. பெரிய மாமியின் கைப்பையைத் திறந்தால் வருகிற வாசம். பிடிக்கும், ஆனால் பூசினால் எனக்குப் பத்து வயது கூடின மாதிரி இருக்கும். கலியாண வீட்டுக்குச் சேலையோடு சரி.

செர்ஜ் லூட்டென்ஸின் அம்ப்ர் சுல்தான், 1993. பெட்டியில் எனக்கு மிகவும் வேண்டியது இதுதான். திறந்தவுடன் இனிப்பே இல்லை. கற்பூரவள்ளி இலையைக் கசக்கின மாதிரி ஒரு பச்சைக் காரம். இதில் ஒறிகானோ வாசம் இருக்கிறது. ஒறிகானோவுக்கும் எங்கள் கற்பூரவள்ளிக்கும் அந்தக் காரத்தைத் தருவது கார்வக்றோல் என்ற ஒரே பொருள்தான். சின்ன வயதில் இருமலுக்கு அந்த இலையை வாட்டிப் பிழிந்து பருக்கியவர்கள் முதலில் முகத்தைச் சுளிப்பார்கள். அரை மணித்தியாலம் பொறுக்க வேண்டும். இலை வாடி, கீழே இருந்து பிசின் எழும்பும், சந்தனம் சேரும். அம்மம்மா பிள்ளை பிறந்ததா என்று கேட்டது இதற்குத்தான்.

பிறாடா அம்பர், 2004. சவர்க்காரம் போட்டுத் தோய்த்துக் காயவைத்த அம்பர். கந்தோருக்குப் போட்டுக்கொண்டு போகலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எனக்கு அது குறையாகவும் படுகிறது.

கல்வின் கிளைனின் ஒப்செஷன், 1985. வெளிநாட்டில் இருந்து வந்த சித்தப்பாமாரின் மணம். அவர்கள் வந்து இறங்கி, அணைத்து, போன பிறகும் இரண்டு நாள் விறாந்தையில் நிற்கும். கறுவா, கராம்பு, தோடை, அடியில் தடித்த அம்பர். அடக்கம் என்பது கிடையாது.

பக்கறா றூஜ் 540, 2015. இதன் நகல்கள் இப்போது எல்லா இடமும். எனக்கு நல்லூர்த் திருவிழாக் காலத்துத் தும்பு முட்டாஸ் மெசினுக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது, சீனி கருகுகிற கரையில். முதல் நாள் ஆசை, மூன்றாம் நாள் திகட்டல்.

பெடியள் போட்டுத் திரிகிற டியோரின் சொவாஜ் 2015இல் வந்தது. அம்புறொக்சான் அதிகம், ஆகவே அதுவும் ஒரு வகையில் அம்பர்தான். ஆனால் நான் சொல்லுகிற பிசின் சூடு அதில் இல்லை. அது உப்பும் உலோகமும் கலந்த வேறு மணம்.

மரவாசம் கலந்த அம்பர் என்கிறார்களே, எந்த மரம்?

சந்தனம், சீடர் என்ற ஊசியிலை மரம், பச்சூலி, வெட்டிவேர், அகில். இதில் இரண்டு மரமே இல்லை. பச்சூலி இலை, வெட்டிவேர் வேர். பச்சூலி என்ற பெயர் தமிழ்ப் பச்சிலையில் இருந்து போனதாக அகராதிகள் சொல்கின்றன. வெட்டிவேர் அப்படியே 'வெட்டிவேர்' என்றே பிரெஞ்சுக்காரன் வாயில் ஏறிவிட்டது.

இனிப்பான அம்பர் திகட்டுகிறது என்பவர்களுக்கு நான் சொல்வது வெட்டிவேர் கலந்ததைத் தேடுங்கள் என்று. புது மண்பானையில் வெட்டிவேர் போட்ட தண்ணீர் நினைவிருக்கிறதா? அந்த மண் மணம் வனிலாவின் கொழுப்பை வெட்டிவிடும். சந்தனம் எதிர்மாறு, இன்னும் மெத்தென்று ஆக்கும். மலிவான போத்தல்களில் சந்தனம் என்று வருவது அநேகமாகச் செயற்கை. சந்தனக்கல்லில் அரைத்த கட்டையின் பால்மணம் அதில் இருக்காது.

அகிலைச் சங்கப் பாட்டுகளில் கூந்தலுக்குப் புகைத்தார்கள். மரத்துக்குப் பூஞ்சணம் தொற்றி, அதை எதிர்த்து அது பிசின் சுரந்தால்தான் மணம். இலங்கையின் தென்மேற்கு ஈரக் காடுகளில் அதன் ஒன்றுவிட்ட உறவு ஒன்று வளர்கிறது. வல்லப்பட்டை கடத்தியவர்கள் பிடிபட்டார்கள் என்று செய்தி வருமே, அந்த வல்லப்பட்டைதான்.

புகையிலையைச் சொல்லாமல் விட்டால் அப்பப்பா கோபிப்பார். கோடா என்ற பாணி பூசிய சுருட்டு, பற்ற வைக்க முன்னம், மூக்கடியில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? பனங்கட்டி இனிப்பு, காய்ந்த இலை, கொஞ்சம் புளிப்பு. புகையிலை அம்பர் என்று பெரிய விலையில் விற்கிறவை எல்லாம் அவருடைய சுருட்டுப் பெட்டியைத் திறந்த மணம்தான். என்னிடம் இருக்கும் ஒன்றை அவருடைய பெட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பெட்டி வென்றது.

எனக்குத் தலையிடிக்கிறது, என் மனுசனுக்கு ஒன்றுமே மணக்கவில்லை. யார் மூக்குப் பிழை?

இரண்டும் பிழை இல்லை. சில பெரிய மூலக்கூறுகளைச் சிலரின் மூக்குப் பிடிக்காது. கஸ்தூரி வகையிலும் மர அம்பர் வகையிலும் இது சாதாரணம். அதே பொருள் வேறொருவருக்கு ஊசியாகக் குத்தும். ஆபத்து எங்கே என்றால், மணக்கவில்லை என்று நினைப்பவர்தான் எட்டுத் தரம் அடித்துக்கொண்டு வருவார். அவருக்கு அளவு சொல்ல வேண்டியது நீங்கள்.

ஆம்பிளைக்கா, பொம்பிளைக்கா?

சாம்பிராணி ஆருக்கு?

அத்தர் வாங்கினால் காணாதா?

காணும், நல்லதாக இருந்தால். ஸ்பிரிற்று இல்லாததால் தோலோடு ஒட்டிக் கிடக்கும், தூரத்துக்குப் பரவாது. ஆகவே பஸ்ஸிலும் வகுப்பிலும் அத்தர்தான் மரியாதை. பழைய முறையில் சந்தன எண்ணெயின் மேல் பூவை வடித்துச் செய்வார்கள். இப்போது விலை குறைந்தவற்றில் அடியெண்ணெய் வேறு. சோனகதெருப் பக்கம் ஒரு பெரியவரிடம் வாங்கிய 'அம்பர்' அத்தர் என்னிடம் இருக்கிறது. சிறு துளி, காதுக்குப் பின்னால். பின்னேரம் பூசினால் அடுத்த நாள் தலையணையில் இருக்கும்.

போலியில் ஏமாந்தது உண்டா?

உண்டு. ஊரில் ஒரு கடை, பெயர் வேண்டாம். கண்ணாடித்தாள் சுற்றிய பெட்டி, எழுத்தெல்லாம் சரி. வீட்டில் வந்து அடித்தால் முதல் ஐந்து நிமிடம் அச்சொட்டாக அதேதான். பிறகு ஒன்றுமில்லை, வெறும் சீனித் தண்ணீர். அம்பருக்கு இதுவே நல்ல சோதனை. தொடக்கத்தை நகல் எடுப்பது சுகம், ஆறாவது மணித்தியாலத்தை நகல் எடுப்பது கஷ்டம். அதனால் கடையில் நின்றபடி முடிவெடுக்காதீர்கள். கையில் அடித்துக்கொண்டு வெளியே போய், ஒரு தேத்தண்ணி குடித்து, இரண்டு அலுவலை முடித்து, பின்னேரம் மணந்து பாருங்கள். கஸ்தூரியார் வீதியை இரண்டு தரம் சுற்றினாலும் நேரம் போகும். பெயரில்தான் கஸ்தூரி, உள்ளே எல்லாம் நகைக்கடை.

போத்தலுக்குள் நிறம் கறுத்துவிட்டது. பழுதா?

வனிலின் உள்ள சென்ற் நாள்பட மண்ணிறமாகும். நிறத்தைப் பார்த்து எறியாதீர்கள், மணந்து பாருங்கள். புளித்த எண்ணெய் வாடை வந்தால்தான் பழுது. வெயில் படும் மேசையில், கண்ணாடிக்கு முன்னால் அழகுக்கு அடுக்கி வைப்பதுதான் கெடுக்கும். ஓட்டு வீடோ சீற் வீடோ, நடுப்பகலில் மேல்தட்டு கொதிக்கும். கீழ்த்தட்டில், பெட்டிக்குள், மூடி இறுக்கி வையுங்கள். என் சப்பாத்துப் பெட்டிக்குக் காரணம் அதுதான், ஒளித்து வைப்பது இல்லை. கொஞ்சம் ஒளித்து வைப்பதும்தான்.

வெளிநாட்டில் இருந்து வருபவர்களிடம் எதைச் சொல்லி விடலாம்?

பெரிய போத்தல் கேட்காதீர்கள். தபாலில் அனுப்புவதும் கரைச்சல், தீப்பற்றும் பொருள். கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேல் பல விமான நிலையங்களில் விடமாட்டார்கள். சின்னதாக இரண்டு, மூன்று வகை என்று சொல்லுங்கள். எந்தப் பெயர் என்று எழுதி அனுப்பாவிட்டால் விமான நிலையத்தில் கடைசி நிமிடத்தில் கண்டதை வாங்கி வருவார்கள். எனக்கு அப்படி மூன்று வந்தது. மூன்றும் ஒன்றுதான்.

முடிந்த போத்தலை என்ன செய்வது?

மூடியைக் கழற்றிவிட்டுச் சேலை அலுமாரிக்குள் வையுங்கள், துணியில் படாமல். அடியில் ஒட்டிய பிசின் மாதக்கணக்கில் மணக்கும். பொருளாதாரத் தடைக் காலத்தில் சவர்க்காரம் இல்லாமல் பனம்பழம் போட்டு உடுப்புத் தோய்த்ததை அம்மா சொல்லுவா. எத்தனை தரம் அலசினாலும் பனங்களி மணம் போகாதாம், அதோடுதான் பள்ளிக்கூடம், அதோடுதான் கலியாண வீடு. இப்போது என்னுடைய அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் அதே முகத்தோடுதான் கேட்கிறா: "இதென்ன, சீலையெல்லாம் மணக்குது?" கூறைச்சேலையை மட்டும் தன்னுடைய அலுமாரிக்கு மாற்றிவிட்டா.